உடம்புக்குள்ள ஒளிஞ்சிருக்கிற ஆள் இல்ல ஆன்மா

கேட்ட கேள்வி நாலு. கத்தோலிக்கத்துல ஆன்மாவும் ஆவியும் ஒண்ணா வேறயா, நாய் பூனைக்கு ஆன்மா உண்டா, செத்தவங்க ஆவியா சுத்துவாங்களா, நல்லவங்க செத்தா வானதூதர் ஆயிடுவாங்களா. நாலும் தனித்தனி மாதிரி தெரியுது, ஆனா முடிச்சு ஒரே இடத்துலதான் விழுந்திருக்கு. அத அவிழ்த்தா மத்ததெல்லாம் தானா வந்துரும். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

முடிச்சு நம்ம வார்த்தையிலயே இருக்கு. கொதிக்கிற தண்ணியில இருந்து வர்றதும் ஆவி, பேய் படத்துல வெள்ளை சேலை கட்டிட்டு வர்றதும் ஆவி, மூவொரு கடவுள்ல மூணாவது ஆளும் தூய ஆவி. லத்தீன்லயும் இதே கதைதான், ஸ்பிரித்துஸ்னா மூச்சு, காத்து, அப்புறம்தான் ஆவி. பழைய காலத்து தமிழ் கத்தோலிக்கர்கள் இந்த குழப்பத்துக்கு பயந்தோ என்னவோ போர்த்துகீசிய வார்த்தைய அப்படியே எடுத்து இஸ்பிரீத்து சாந்துன்னு ஜெபத்துல வச்சிருந்தாங்க, இப்பவும் வயசானவங்க வாயில அது வரும்.

ஆவிய விடுங்க, ஆன்மான்ற வார்த்தைதான் இன்னும் பெரிய வம்பு. லத்தீன்ல அது அனிமா. நான் தத்துவம் படிச்சப்போ வாய்மொழித் தேர்வுல வாத்தியார் ஜன்னலுக்கு வெளிய கைய காட்டி "அந்த மரத்துக்கு ஆன்மா இருக்கா?"ன்னு கேட்டார். நான் ரொம்ப பக்தியா "இல்ல ஃபாதர், மனுஷனுக்கு மட்டும்தான்"னு சொன்னேன். "சரி, அந்த மரத்துக்கு உயிர் இருக்கா?" "இருக்கு." "ரெண்டும் ஒரே வார்த்தைதான்யா, உக்காரு"ன்னார். மார்க் போச்சு, ஆனா அன்னைக்கு புரிஞ்சது இன்னைக்கு வரைக்கும் மறக்கல. அனிமாவ ஆன்மான்னு படிக்காம உயிர்னு படிச்சு பாருங்க, பாதி குழப்பம் காணாம போயிரும்.

இது அரிஸ்டாட்டில் கிட்ட இருந்து வந்தது. அவருக்கு அனிமான்னா ஒரு பொருள உயிருள்ள பொருளா ஆக்குறது எதுவோ அது. செடி சத்த எடுத்து வளருது, பெருகுது, அது ஒரு வகை உயிர். மிருகம் அதோட சேர்த்து பாக்குது, கேக்குது, பயப்படுது, நகருது. மனுஷன் இதெல்லாம் செஞ்சுட்டு யோசிக்கவும் செய்றான், வேணும் வேண்டாம்னு முடிவெடுக்கவும் செய்றான். 13ஆம் நூற்றாண்டுல தாமஸ் அக்குவினாஸ் (1225–1274) இத எடுத்து கிறிஸ்தவ நம்பிக்கையோட பின்னினார், கத்தோலிக்க சபையோட பொது மொழி பெரும்பாலும் அந்த பின்னல்தான். பெரும்பாலும்னு சொல்றேன் ஏன்னா எல்லாரும் அவர் கட்சி இல்ல, பிரான்சிஸ்கன் சபைக்காரங்க பல பேர் சில முக்கியமான இடத்துல அவரோட மல்லுக்கட்டினாங்க. நான் இங்க சொல்றது தாமஸ் வழி, அத மனசுல வச்சுக்கோங்க.

ஒண்ணு கவனிங்க, மனுஷனுக்கு செடி உயிர் ஒண்ணு, மிருக உயிர் ஒண்ணு, மேல ஆன்மா ஒண்ணுன்னு மூணு மாடி கிடையாது. ஒரே உயிர்தான், அதேதான் சாப்பாட்ட ஜீரணிக்கவும் வைக்குது, கணக்கு போடவும் வைக்குது. பிரார்த்தனை பண்றதும் நகம் வளர்றதும் ஒரே ஆன்மாவோட வேலைன்னு சொன்னா சிலருக்கு ஒரு மாதிரி இருக்கும், ஆனா தாமஸ் சொல்றது அதேதான்.

இப்ப முக்கியமான இடம். ஆன்மா உடம்போட ஃபார்ம்னு சொல்வாங்க. தமிழ்ல வடிவம்னு போட்டா பொம்மையோட அச்சு மாதிரி நினைச்சுருவீங்க, அது இல்ல. நமக்கு இதுக்கு நல்ல உதாரணம் எழுத்துலயே இருக்கு, உயிர்மெய். க் ஒரு மெய், அ ஒரு உயிர், சேர்ந்தா க. எழுதுன க-வ எடுத்து வச்சுக்கிட்டு இதுல அ எந்த மூலையில இருக்குன்னு தேடிப் பாருங்க, கிடைக்காது. ஒரு மூலையில இல்ல, முழுசுலயும் இருக்கு. க்-க்குள்ள அ போய் குடியிருக்கல, ரெண்டும் சேர்ந்து ஒரே எழுத்தா ஆயிருக்கு. உடம்பும் ஆன்மாவும் அப்படித்தான். ஆன்மா இதயத்துல இருக்கா மூளையில இருக்கான்ற கேள்விக்கு தாமஸ் பதில், முழு உடம்புலயும் இருக்கு, ஒவ்வொரு பாகத்துலயும் முழுசாவே இருக்கு. ஆன்மா என்ன தண்ணியா, விரலுக்கு கொஞ்சம் காதுக்கு கொஞ்சம்னு பிரிச்சு ஊத்துறதுக்கு?

இது சும்மா ஒரு தத்துவவாதியோட கருத்து மட்டும் இல்ல. 1311–1312ல நடந்த வியென் பொதுச்சங்கம், அதாவது ஆயர்கள் கூடி முடிவெடுக்கிற சபை, அறிவுள்ள ஆன்மா தன்னிலேயே, அடிப்படையிலேயே மனுஷ உடம்போட ஃபார்ம்னு தீர்மானமா சொல்லிருச்சு, அத மறுத்தா தப்பறை, அதாவது விசுவாசத்துக்கு எதிரான தவறான போதனைன்னும் சொல்லிருச்சு. அதனால உடம்புன்றது ஆன்மாவோட ஜெயில், ஆன்மா போட்டுக்கிற சட்டை, ஓட்டுற வண்டின்னு சர்ச்சுல யாராவது பேசுனா, அவங்க அறியாமலேயே பிளேட்டோவ பேசிட்டு இருக்காங்கன்னு அர்த்தம். 17ஆம் நூற்றாண்டுல பிரெஞ்சு தத்துவவாதி டெக்கார்ட் வந்து மனசு தனி பொருள், உடம்பு தனி மெஷின், மூளை நடுவுல இருக்கிற பீனியல் சுரப்பியில ரெண்டும் தொட்டுக்குதுன்னாரு பாருங்க, அதுவும் கத்தோலிக்க பாரம்பரியத்தோட பதில் இல்ல, அவர் கத்தோலிக்கரா இருந்தும் கூட. இன்னைக்கு ஆன்மாவ கிண்டல் பண்றவங்க அடிக்கிறது பெரும்பாலும் டெக்கார்டத்தான், அந்த அடி தாமஸ் மேல படவே படாது. உடம்பு ஹார்டுவேர், ஆன்மா சாஃப்ட்வேர்னு சிலர் நல்ல எண்ணத்துல சொல்றதும் உதவாது, சாஃப்ட்வேர எந்த மெஷின்லயும் ஏத்தலாம், என் ஆன்மா என் உடம்புக்கு மட்டும்தான் உயிர். மறுபிறவிய கத்தோலிக்கம் ஏத்துக்காததுக்கு தத்துவ பக்கத்து காரணமும் இதுதான், உன் உயிர் போய் இன்னொரு உடம்புக்கு உயிராகுறதுன்னா அது சட்டை மாத்துற கதை, உயிர்மெய் கதை இல்ல.

என் பாட்டி இறந்தப்போ நான் பக்கத்துல கைய பிடிச்சிட்டு இருந்தேன். கடைசி மூச்சுக்கு முந்தின நிமிஷமும் பிந்தின நிமிஷமும் அதே கைதான், அதே சூடு, அதே நரம்பு, மோதிரம் போட்ட தழும்பு கூட அதேதான். ஆனா பிடிச்சிருந்த எனக்கு தெரிஞ்சுது, இது இனி கை இல்ல. அரிஸ்டாட்டில் இத பச்சையாவே சொல்வார், செத்தவனோட கண்ணு பேருக்குத்தான் கண்ணு, கல்லுல செதுக்குன கண்ணு மாதிரி. பாட்டியில இருந்து ஏதோ ஒரு பொருள் கிளம்பி வெளிய போச்சு, அதனால உடம்பு காலியாச்சுன்னு இல்ல, பாட்டியா இருந்த அந்த ஒருமை அங்க அவிழ்ந்துருச்சு. 1907ல டங்கன் மெக்டூகல்னு ஒரு அமெரிக்க டாக்டர் சாகுற நோயாளிங்கள கட்டிலோட தராசுல வச்சு எடை பாத்த சோதனைய வெளியிட்டார், 6 பேர், அதுல ஒருத்தர் கணக்கு முக்கால் அவுன்ஸ் குறைஞ்சுது, அதுலதான் 21 கிராம் கதை பிறந்துச்சு. அந்த சோதனைய விஞ்ஞானிங்க ஓட்டை உடைசல்னு ஒதுக்கிட்டாங்க, சரிதான். ஆனா அந்த எடை நிஜமாவே நிரூபணம் ஆகியிருந்தாலும் கத்தோலிக்க தத்துவவாதி சந்தோஷப்பட்டிருக்க மாட்டான், எடை இருந்தா அது பொருள், பொருள்னா அது ஆன்மா இல்ல.

சரி, உயிர்தான் ஆன்மான்னா செடி செத்தா செடியோட உயிர் முடிஞ்சு போச்சு, மனுஷனோடது மட்டும் ஏன் நிலைக்கணும்? இங்கதான் வாதம் சுவாரஸ்யமா ஆகுது. ஒரு பேப்பர்ல முக்கோணம் வரைங்க. எவ்வளவு கவனமா வரைஞ்சாலும் கோடு கொஞ்சம் வளையும், பேனா மை தடிப்பு இருக்கும், குறிப்பிட்ட அளவு இருக்கும். கண்ண மூடி கற்பனை பண்ணுங்க, அதுவும் ஒரு குறிப்பிட்ட முக்கோணம்தான், சமபக்கமோ விரிகோணமோ ஏதோ ஒண்ணு. ஆனா "முக்கோணம்னா மூணு பக்கம், கோணங்களோட கூட்டு 180"ன்னு புரிஞ்சுக்கிறீங்களே, அந்த புரிதல் எந்த குறிப்பிட்ட முக்கோணத்த பத்தினதும் இல்ல, எல்லா முக்கோணத்தையும் பத்தினது. பருப்பொருள்ல இருக்கிற எதுவும் இங்க, இப்ப, இவ்வளவுன்னு குறிப்பா இருக்கும். பொதுவானத பிடிக்கிற சக்தி அப்போ முழுசா பருப்பொருளா இருக்க முடியாதுன்றது வாதம். தாமஸ் இன்னொரு பக்கத்துல இருந்தும் வருவார், காய்ச்சல்காரன் நாக்கு கசந்து போயிருந்தா எது கொடுத்தாலும் கசக்கும், இனிப்பு தெரியாது. அது மாதிரி அறிவே ஒரு குறிப்பிட்ட பொருளா இருந்தா அந்த பொருளோட சாயல் எல்லாத்துலயும் ஒட்டிக்கும், எல்லா பொருளையும் அது அறிய முடியாது. தனக்குன்னு உடம்பு சாராத ஒரு வேலை இருக்கிறதுக்கு, உடம்பு சாராம இருக்கவும் முடியும். அதனால அது உடம்போட அழியாது. இந்த வாதம் அசைக்க முடியாததுன்னு நான் சொல்லல, இன்னைக்கும் இதுல சண்டை ஓடுது, முதல் வாதம் ரெண்டாவத விட கெட்டின்றது என் அபிப்பிராயம்.

"அப்போ மண்டையில அடிபட்டா ஏன் யோசிக்க முடியல?"ன்னு உடனே கேப்பீங்க. இத நரம்பியல் வந்துதான் கண்டுபிடிச்சதுன்னு நினைக்காதீங்க, தாமஸே இந்த ஆட்சேபணைய எழுதி வச்சிருக்கார். மனுஷ அறிவு புலன்கள் வழியா வர்ற உருவங்கள் மேலதான் வேலை செய்யும், அந்த உருவங்கள் மூளைய நம்பி இருக்கு, மூளை கெட்டா அறிவுக்கு கச்சாப் பொருள் வராது.

நாய் பூனை விஷயம் இதுலயே முடிஞ்சுது. அதுங்களுக்கு ஆன்மா உண்டு, உயிர்ன்ற அர்த்தத்துல. ஆனா அது செய்ற வேலை எல்லாமே உடம்போட வேலை, பாக்குறது, நினைவு வச்சுக்கிறது, பாசம் காட்டுறது எல்லாம், அதனால உடம்போட முடிஞ்சுரும். சொர்க்கத்துல என் நாய் இருக்குமான்னு கேட்டா தாமஸ் இல்லம்பார், கடவுள் புது வானம் புது பூமியில என்னெல்லாம் வைப்பார்னு கணக்கு போட இன்னும் சில இறையியலாளர்கள் தயங்குவாங்க, நானும் அந்த தயங்குற கூட்டம்தான்.

மனுஷ ஆன்மா பருப்பொருள்ல இருந்து வராததுனால அப்பா அம்மா கிட்ட இருந்தும் வர முடியாது. பழங்கால கிறிஸ்தவ சிந்தனையாளர்கள்ல தெர்த்தூலியன் விதை மாதிரி பெத்தவங்க கிட்ட இருந்து இறங்குதுன்னார், அகுஸ்தீனார் கடைசி வரைக்கும் முடிவெடுக்காம தவிச்சார், ஒரிஜன் பேர்ல வழங்குன ஆன்மா முன்னாடியே இருந்துச்சுன்ற கருத்த 6ஆம் நூற்றாண்டுலயே ஒதுக்கிட்டாங்க. ஒவ்வொரு ஆன்மாவையும் கடவுள் நேரடியா படைக்கிறார்ன்றது சபை போதனை. 1950ல போப் 12ஆம் பத்திநாதர் (பயஸ்) எழுதுன சுற்றுமடல், மனுஷ உடம்பு முன்னாடி இருந்த உயிரினத்துல இருந்து பரிணாமத்துல வந்துச்சான்னு ஆராயலாம், ஆனா ஆன்மா நேரடி படைப்புன்னு கோடு போட்டுச்சு. கருவுல எப்ப ஆன்மா வருதுன்றதுல தாமஸ் அந்த கால உயிரியல நம்பி ஆண் கருவுக்கு 40ஆம் நாள்னு நினைச்சார், 1974ல சபை வெளியிட்ட கருக்கலைப்பு பத்தின அறிவிக்கை அந்த நேரக் கேள்விய வேணும்னே தீர்க்காம விட்டு, எந்த நேரமா இருந்தாலும் கருவ அழிக்கக் கூடாதுன்னு மட்டும் சொன்னுச்சு.

சாவுக்கு அப்புறம் தனியா நிக்கிற ஆன்மா ஜாலியா பறந்துட்டு இருக்கும்னு நினைக்காதீங்க. உயிர்மெய் உதாரணம் இங்க இடிக்கும், அ தனியா நின்னாலும் முழு எழுத்து, ஆனா தனி ஆன்மா முழு மனுஷன் இல்ல. கொரிந்தியர் முதல் திருமுகத்தோட 15ஆம் அதிகாரத்துக்கு விளக்கம் எழுதும்போது தாமஸ் ஒரு வரி போடுறார், "என் ஆன்மா நான் இல்ல". ஆன்மா மட்டும் மீட்கப்பட்டா நான் மீட்கப்படலம்பார். கத்தோலிக்கரோட கடைசி நம்பிக்கை ஆன்மா அழியாதுன்றது இல்ல, உடம்போட உயிர்த்தெழுதல், விசுவாச அறிக்கையில சொல்றது அதத்தான். நடுவுல இருக்கிற காலத்துல ஆன்மா என்ன பண்ணும்ன்றதுல ஒரு போப்பே சறுக்கினார். 22ஆம் யோவான் 1331ல பிரான்ஸ் பக்கத்து அவிஞ்ஞோன்ல இருந்துக்கிட்டு, புனிதர்களோட ஆன்மா கூட உலக முடிவுல வர்ற பொதுத்தீர்ப்பு வரைக்கும் கடவுள நேருக்கு நேர் பாக்காதுன்னு பிரசங்கம் வச்சார். பெரிய ரகளை, பாரிஸ் இறையியலாளர்கள் எதிர்த்தாங்க, 1334ல மரணப் படுக்கையில பின்வாங்கினார். அடுத்த போப் 12ஆம் பெனடிக்ட் 1336ல முடிச்சு வச்சார், சுத்திகரிப்பு எதுவும் தேவைப்படாத ஆன்மா உடனே கடவுள பாக்கும், தேவைப்படுறது உத்தரிக்கிற ஸ்தலத்துல அது முடிஞ்சதும் பாக்கும், சாவான பாவத்துல, அதாவது கடவுளோட உறவையே முறிக்கிற பெரிய பாவத்துல செத்தவன் உடனே நரகம்.

இப்ப ஆவிகள். கத்தோலிக்க தத்துவத்துல சுத்தமான ஆவின்னா உடம்பே இல்லாத, உடம்பு தேவையும் இல்லாத அறிவுள்ள ஆள், அதாவது வானதூதர், பழைய தமிழ்ல சம்மனசு. அகுஸ்தீனார் அழகா பிரிப்பார், தூதர்ன்றது அவங்க உத்தியோகத்தோட பேரு, ஆவின்றது அவங்க இயல்போட பேரு. அவங்களுக்கு ஆன்மா இருக்கான்னு கேட்டா இல்ல. ஆன்மான்னா உடம்புக்கு உயிர் கொடுக்கிறது, அவங்களுக்குத்தான் உடம்பே இல்லயே. மனுஷனுக்கு இருக்கிறது ஆவி இயல்புள்ள ஆன்மா, அதாவது எல்லை வரப்புல நிக்கிறது, ஒரு கால் உடம்புல, ஒரு கால் ஆவி உலகத்துல. தெசலோனிக்கர் முதல் திருமுகத்துல பவுல் "ஆவி, ஆன்மா, உடல்"னு மூணா சொல்றாரேன்னு சிலர் பிடிச்சுக்குவாங்க, அதுக்கு சபையோட போதனைத் தொகுப்பான மறைக்கல்வி ஏடு சொல்ற பதில், அது ஆன்மாவ ரெண்டாக்கல, ஒரே ஆன்மா கடவுள நோக்கி திறந்திருக்கிற பக்கத்துக்கு ஆவின்னு பேரு.

வானதூதர் பத்தி தாமஸ் சொல்றதுல எனக்கு ரொம்ப பிடிச்சது இது. ரெண்டு நாய் ஒரே இனம், வேற வேற நாயா இருக்க காரணம் பருப்பொருள். வானதூதருக்கு பருப்பொருள் இல்ல, அப்போ ஒரே இனத்துல ரெண்டு வானதூதர் இருக்கவே முடியாது, ஒவ்வொருத்தரும் தனி இனம். மிக்கேலுக்கும் கபிரியேலுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் ரெண்டு மனுஷனுக்கு நடுவுல இருக்கிற மாதிரி இல்ல, குதிரைக்கும் கழுகுக்கும் இருக்கிற மாதிரி. அவங்க நம்மள மாதிரி படிப்படியா யோசிக்கிறதும் இல்ல, ஒரே பார்வையில முழுசா புரியும். அதனாலதான் அவங்க முடிவும் ஒரே முடிவு, மாறாது. சாத்தான் ஏன் மனம் திருந்த முடியாதுன்றதுக்கு விடை இதுல இருக்கு, கடவுள் இரக்கம் குறைஞ்சதால இல்ல, அவன் "அப்ப எனக்கு தெரியாம போச்சே"ன்னு சொல்ல வழியே இல்ல. ஊசி முனையில எத்தனை தேவதூதர் ஆடலாம்னு இடைக்கால ஆளுங்க உக்காந்து விவாதம் பண்ணாங்கன்னு கிண்டல் பண்ணுவாங்களே, அது பிற்காலத்துல கிளப்பி விட்டது, அப்படி ஒரு விவாதம் இடைக்கால நூல்ல யாரும் காட்டல.

பசாசும் இதே இயல்புதான், விழுந்த வானதூதர். 1215ல நாலாம் லாத்தரன் சங்கம் சொன்னது, கடவுள் அதுங்கள நல்லதாத்தான் படைச்சார், அதுங்களா கெட்டுது. செத்த மனுஷன் பசாசு ஆகுறது கிடையாது. பசாசுக்கு மனசுக்குள்ள இருக்கிற நினைப்ப நேரா படிக்கவும் முடியாது, வெளிய தெரியிறத வச்சு யூகிக்கும் (நல்ல சீட்டாட்டக்காரன் மாதிரி, ஆனா பல மடங்கு கெட்டிக்காரன்). பிடிச்சா உடம்பத்தான் பிடிக்கும், ஆன்மாவுக்குள்ள புகுந்து அந்த இடத்த எடுத்துக்க முடியாது, நம்ம சுதந்திரத்துல கை வைக்க முடியாது. யாரும் நினைச்ச நேரத்துல பேயோட்டவும் முடியாது, 1983ஆம் வருஷ திருச்சபைச் சட்டம் 1172ஆம் எண்ல ஆயரோட தனி அனுமதி வாங்குன குருவானவர்தான் செய்யணும்னு இருக்கு, 1998ல ஒப்புதல் ஆன புது சடங்கு முறை முதல்ல அது நோய் இல்லன்னு பாக்கச் சொல்லுது.

பேய்? மனுஷ ஆன்மா உடம்ப விட்டா அதுக்கு கண்ணும் இல்ல காலும் இல்ல, கதவ தட்டவோ புளியமரத்துல உக்காரவோ வழி இல்ல. கடவுள் அனுமதிச்சா ஒரு ஆன்மா உயிரோட இருக்கிறவங்களுக்கு தோன்றலாம்னு பாரம்பரியம் ஒத்துக்குது, உத்தரிக்கிற ஆத்துமா ஜெபம் கேட்டு வந்ததா புனிதர் வரலாறுகள்ல நிறைய இருக்கு, ஆனா அது விதிவிலக்கு, அதுங்க இஷ்டத்துக்கு நடக்காது. நாமளா எழுத்துப் பலகை வச்சு, ஆவியோட பேசுறேன்னு சொல்ற மீடியம் வச்சு கூப்பிடுறது வேற விஷயம், அது தடை, 1917ல ரோம் அந்த மாதிரி கூட்டத்துல சும்மா வேடிக்கை பாக்கக் கூட போகக் கூடாதுன்னு பதில் கொடுத்துச்சு. அங்க வர்றது உங்க தாத்தாதான்னு உங்களுக்கு யார் சொன்னது?

கடைசி கேள்வி, நல்லவங்க செத்தா வானதூதர் ஆவாங்களா. மாட்டாங்க, ஆகவும் முடியாது, அது இனம் மாறுற கதை, குதிரை நல்ல குதிரையா இருந்ததால கழுகு ஆயிருச்சுன்னு சொல்ற மாதிரி. மத்தேயு 22:30ல இயேசு உயிர்த்தவங்க வானதூதரைப் போல இருப்பாங்கன்னு சொல்றது கல்யாணம் பண்ணிக்கிறதில்லன்ற ஒரு விஷயத்துல மட்டும்தான். குழந்தைய பறிகொடுத்த ஒரு அம்மா "என் புள்ள சம்மனசாயிட்டா"ன்னு அழும்போது போய் இத திருத்திக்கிட்டு நிக்காதீங்க. ஆனா தாமஸ் பக்கம் நின்னு பாத்தா அந்த அம்மாவுக்கு சபை சொல்றது அத விட பெருசு. வானதூதருக்கு கை கிடையாது. அந்த புள்ளைக்கு அதே கை திரும்ப வரும், அதே தழும்போட வருமான்னு இறையியலாளர்கள் சண்டை போட்டுக்கட்டும், ஆனா வரும்.